மூன்று முறை கூப்பிட்ட பெயர்

சண்முகையாவைப் பற்றி எழுத உட்காரும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் அவரை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். ஆனால் கூடப் பழகிய பன்னிரண்டு வருஷமும் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்லிவந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தும் அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை "ஏ சண்முகையா, இங்க வா" என்பேன். எனக்கு அதில் தப்பிருப்பதாகத் தோன்றியதே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கலாம். நான் கேட்டதில்லை.

எனக்கு வக்கீல் குமாஸ்தா வேலை. சங்கரன்கோவிலில் ஒரு சிவில் வக்கீலிடம் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினேன். சண்முகையா அங்கே முன்சீப் கோர்ட்டில் டவாலி. வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. நீதிபதி வந்து உட்கார்ந்ததும் வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடவேண்டும். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை. மூன்றாம் முறைக்கும் வராவிட்டால் ஆள் ஆஜரில்லை என்று எழுதி, வழக்கை எதிராளி பக்கம் முடித்துவிடுவார்கள். வெளியே காப்பி குடிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் நிலம் கைமாறிப்போன கதையெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் பெயர் கூப்பிடுவது என்ன பெரிய வேலை என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

அவருடைய ஊர் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், நல்லவேளை எங்கள் ஊர் இல்லை என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

ஊரில் மேலத்தெரு என்று ஒன்று, அதில் நிலம் உள்ளவர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி, அதில் அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்கள். சண்முகையா காலனி. காலனிக்காரர்கள் மேலத்தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, சைக்கிளை மிதிக்கக்கூடாது, உருட்டிக்கொண்டு போகலாம். இதெல்லாம் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். நான் கேள்விப்படாத ஒன்றை சண்முகையா சொன்னார். மேலத்தெரு ஆள் யாருடைய பெயரையும் காலனிக்காரர் வாயால் சொல்லக்கூடாது. எல்லா ஆம்பிளையும் சாமி, எல்லாப் பொம்பிளையும் நாச்சியார். ஒரு தெருவில் முப்பது சாமி இருந்தால் அடையாளம் வேண்டாமா? அதற்கு வீட்டைச் சொல்வார்கள். மச்சு வீட்டுச் சாமி, கிணத்து வீட்டுச் சாமி, புளியமரத்து வீட்டுச் சாமி. அந்த வீட்டுக் கைக்குழந்தை கூட 'சின்னச் சாமி'தான். தாத்தா வயதுள்ள காலனிக்காரர் அந்தச் சின்னச் சாமி ஓடிவந்தால் ஒதுங்கி நிற்பார். அந்தச் சின்னச் சாமி அவரைப் பெயர் சொல்லி, 'ஏலே' போட்டுக் கூப்பிடும்.

இப்படி ஒரு ஊரில் வளர்ந்தவரை, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினார் என்று, ஊர்ப்பட்ட ஆட்களின் பெயரை உரக்கக் கூப்பிடுகிற வேலையில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது நடந்தது. அவருடைய ஊர்க்காரர் ஒருவரின் வரப்புத் தகராறு அன்றைக்கு விசாரணைக்கு வந்தது. பெஞ்ச் கிளார்க் தாளைக் கையில் கொடுத்தார். சண்முகையா தாளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கிளார்க் "ம், கூப்பிடும்" என்றார். சண்முகையா கண்ணை மூடிக்கொண்டு நல்ல உரத்த குரலில் கூப்பிட்டார்:

"மச்சு வீட்டுச் சாமீ! மச்சு வீட்டுச் சாமீ! மச்சு வீட்டுச் சாமீ!"

கோர்ட் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் என்றே சொல்லவேண்டும். வெளியே நின்ற மச்சு வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன்னைக் கூப்பிடுவது புரிந்து சாதாரணமாக உள்ளே வந்து நின்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாமியெல்லாம் கோயிலில் இருக்கட்டும். இங்கே தாளில் இருக்கிற பெயரைக் கூப்பிடுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் 'கூப்பிடுங்கள்' என்று சொன்னதில் சண்முகையா கூப்பிட முடியாமல் போனதைவிட அதிகமாகக் கலங்கிப்போனார். வாழ்க்கையில் அவரை யாரும் 'ங்கள்' போட்டுப் பேசியதில்லையாம்.

அதற்குப் பிறகு அவர் பழகினார். நிஜமாகவே பாடம் படிக்கிற மாதிரிப் பழகினார். ஊரிலிருந்து கோர்ட்டுக்கு சைக்கிளில் ஒரு மணி நேரம். மேலத்தெருவைத் தாண்டுகிறவரை சாதாரணச் சட்டை, சாரம், கையில் செருப்பு, சைக்கிள் உருட்டல். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு பம்ப்செட் ரூம் மறைவில் உடுப்பை மாற்றிக்கொண்டு, பட்டையை மாட்டி, சைக்கிளில் ஏறுவார். ஏறியதும் கத்த ஆரம்பிப்பார். பருத்திக்காட்டையும் சோளத்தட்டையையும் பார்த்து, மேலத்தெரு ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, மூன்று மூன்று தடவை. முதலில் ரொம்பப் பயமாக இருந்தது என்றார். யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூப்பிடுவாராம்.

"ஆடு மேய்க்கவன் ஒருத்தன் ஒருநா கேட்டுட்டான் அண்ணாச்சி. என்ன வே, யாரைத் தேடுதேருன்னு கேட்டான். ஆரையும் தேடலப்பா, தொண்டை கட்டிருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். மூன்று நாலு மாதத்தில் குரல் ஏறிவிட்டது. அப்புறம் சண்முகையா கூப்பிட்டால் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்திலிருந்து முதல் தடவை கோர்ட்டுக்கு வந்து, முழி பிதுங்கி நிற்கிறவர்களிடம் முன்கூட்டியே போய், "ஒங்க பேரு பத்தாவதா வருது, தண்ணி குடிச்சிட்டு வந்து இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவைப்பார். அது அவருடைய வேலை இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. கைநாட்டுக்காரர்களுக்கு அவர் இருந்தால் ஒரு தைரியம்.

ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. காலையிலும் சாயங்காலமும் பம்ப்செட் ரூமில் உடுப்பு மாற்றினார். கோர்ட் வாசலில் பெயரைச் சொன்னார், ஊருக்குள் சாமி என்றார். இரண்டும் இரண்டு ஆள் மாதிரி. ஊர்க்காரர்களும் கோர்ட்டுக்கு வந்தால் அதைப் பொருட்படுத்தாத மாதிரி இருந்துகொண்டார்கள். மருதப்பன் வழக்கு வருகிறவரை.

மருதப்பனுக்கு அந்த ஊரில் தெற்குப்புறம் பாதி நிலம் சொந்தம். தம்பி செத்து மூன்று வருஷம் ஆகியும் தம்பி பெண்டாட்டி சங்கரம்மாளுக்குச் சேரவேண்டிய தோட்டத்தையும் கிணற்றுப் பாத்தியத்தையும் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். அவளுக்கு வக்கீல் மன்சூர் அலி. மருதப்பனுக்கு எங்கள் வக்கீல். வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், சம்பளம் வாங்குகிறவனைக் கேட்கக்கூடாத கேள்வி அது. இப்போது கேட்டால் சொல்வேன், அந்த அம்மாள் பக்கம்.

எழுபத்தொன்பது ஆவணி மாதம் பிரதிவாதியின் சாட்சிக்குத் தேதி போட்டிருந்தது. எங்கள் வக்கீலே நின்று இரண்டு வாய்தா ஏற்கெனவே வாங்கிவிட்டார், மருதப்பன் அதுவரை கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கவில்லை. எங்கள் வக்கீலுக்கு அன்றைக்குத் திருநெல்வேலியில் வேறு வழக்கு. முந்தின நாளே மருதப்பனிடம் சொல்லிவிட்டார்: "பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் நில்லுங்க. வக்கீல் திருநெல்வேலி போயிருக்காரு, ஒரு வாய்தா வேணும்னு கும்பிட்டுக் கேளுங்க. கொடுத்திருவாரு. ஆள் நிக்கணும், அதுதான் முக்கியம்." ஆளை உள்ளே நிறுத்துகிற பொறுப்பு என்னுடையது.

மருதப்பன் பத்து மணிக்கே வந்து கோர்ட் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றார். கூட மேலத்தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர். வாசலில் பட்டையோடு நின்ற சண்முகையாவைப் பார்த்ததும் மருதப்பன் முகம் மாறியது.

"அந்தப் பயதான் கூப்பிடுவானா?"

"ஆமா முதலாளி. அவன்தான் டவாலி."

"எம் பேரையா?"

"தாள்ல இருக்க பேரைத்தான் முதலாளி கூப்பிடணும்."

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இத்தன பேரு முன்னால அவன் எம் பேரைச் சொல்லி, நான் ஏன்னு கேட்டுக்கிட்டு உள்ள போவணுமோ? நாளைக்கு ஊருக்குள்ள இருக்க முடியுமா வே? அவன்ட்டச் சொல்லும். கோர்ட்ல சாமின்னு கூடாதுன்னா முதலாளின்னு கூப்பிடச் சொல்லும். வாரேன்."

நான் போய்ச் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது, ஆனால் போய்ச் சொன்னேன். "சண்முகையா, ஒரே ஒரு தடவ. பேரைச் சொல்லாம முதலாளின்னு மட்டும் கூப்பிட்டுரு. என்ன கொறஞ்சிரப் போவுது ஒனக்கு?"

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "முதலாளின்னு கூப்பிட்டா இந்தக் கோர்ட்ல பதினஞ்சு பேரு எந்திரிப்பாக அண்ணாச்சி."

"வெளையாடாத."

"வெளையாடல. பேரைச் சொல்லலேன்னா நாளைக்கு என்னையக் கூப்பிடவே இல்லன்னு மனு போடுவாக. நீங்கதான் அதை எழுதுவீக. எனக்கு வேலை போயிரும்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "பேரைச் சொன்னா ஊரு போயிரும்" என்றார்.

இதுதான் விஷயம். அவருக்கு அந்த ஊரில் பெண்டாட்டி முத்துத்தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு ஓலைவீடு. முத்துத்தாய் மருதப்பன் தோட்டத்தில்தான் களையெடுத்தாள். காலனிக்குக் குடிதண்ணீர் மருதப்பன் கிணற்றிலிருந்து. அதையும் அவர்களே இறைத்துவிட முடியாது, மேலத்தெரு ஆள் யாராவது இறைத்து ஊற்றினால் குடத்தில் பிடித்துக்கொள்ளவேண்டும். இந்த ஐந்து வருஷமும் அவர் கவனமாகக் கலக்காமல் வைத்திருந்த இரண்டும் அன்றைக்கு ஒரே வாசலில் வந்து நின்றன.

கிளார்க் கைகாட்டினார். சண்முகையா வாசலுக்கு வந்தார். நேர் எதிரே மருதப்பன், இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிரதிவாதி மருதப்பன்."

காட்டைப் பார்த்துக் கத்திப் பழகிய குரல் அது இல்லை. வாய்க்குள்ளேயே போய்விட்டது. படிக்கட்டில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். சண்முகையா தாளை ஒருமுறை பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் வடிந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டார், பரவாயில்லை. மூன்றாம் தடவைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். பம்ப்செட் ரூமைத் தாண்டிச் சைக்கிளில் போவதாக நினைத்துக்கொண்டேன் என்று பின்னால் சொன்னார்.

"பிரதிவாதி மருதப்பன்!"

மரத்திலிருந்த காக்கை எழுந்து பறந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் ஓடிப்போய், "முதலாளி, இப்ப வந்தாத்தான் உண்டு, வாங்க, வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மருதப்பன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு மரத்தடியிலேயே நின்றார். உள்ளே பிரதிவாதி ஆஜரில்லை என்று எழுதி, சங்கரம்மாள் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. தோட்டத்தில் பாதி, கிணற்றில் பாதி.

சாயங்காலம் எங்கள் வக்கீல் வந்து தலையில் அடித்துக்கொண்டார். தீர்ப்பை ரத்துசெய்ய ஒரே வழிதான் இருந்தது. மருதப்பன் கோர்ட் வளாகத்திலேயே இருந்தார், டவாலி வேண்டுமென்றே அவர் பெயரைக் கூப்பிடவில்லை, அவனுக்குக் கட்சிக்காரர்மேல் விரோதம் என்று ஒரு மனு. வக்கீல் சொல்லச் சொல்ல எழுதியது நான். நல்ல கையெழுத்து என்று எனக்குப் பெயர் உண்டு. அன்றைக்கும் நன்றாகத்தான் எழுதினேன்.

சண்முகையாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கூப்பிடவில்லை என்று நிரூபணமானால் வேலை போய்விடும். அவர் என்னிடம் வந்தார். சத்தம்போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை.

"நீங்க அங்கனதான் நின்னீக. மூணு தடவையும் கேட்டீக. கேட்டா அதை மட்டும் சொல்லுவீகளா?"

"நான் அந்தக் கட்சி ஆளுப்பா. என்னால எப்படி?"

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த மனு விசாரணைக்கு வருகிறவரை, இருபது நாளோ என்னவோ, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படியானால் சொல்லியிருக்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு பிள்ளைகள், வேறு வேலை தெரியாது, வக்கீல் முகத்தில் முழிக்கவேண்டும். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்தான்.

விசாரணை நாளில் மருதப்பன் கூண்டேறினார். யார் கூப்பிட்டு ஏறினார் என்கிறீர்களா? சண்முகையா விசாரணைக்குள் இருப்பதால் அன்றைக்கு மட்டும் இன்னொரு ஆளைக் கூப்பிடவைத்தார்கள். மருதப்பன் உடனே வந்தார். சண்முகையா சுவரோரமாக நின்றார். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் மருதப்பன் சொல்லிக்கொடுத்தபடி அழகாகச் சொன்னார். பெயர் காதில் விழவே இல்லை, விழுந்தால் வராமல் இருப்பேனா என்றார். பிறகு மன்சூர் அலி எழுந்தார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார்.

"இந்த டவாலியை உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க ஊருதான். காலனி."

"ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"சாமிம்பான்."

"பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது உண்டா?"

"எம் பேரையா? அவன் அப்பன் சொன்னதில்ல, பாட்டன் சொன்னதில்ல."

"சொல்ல அவர்களுக்குத் தைரியம் கிடையாது. அப்படித்தானே?"

"ஆமா."

"இவருக்கும் கிடையாது. உங்களைப் பார்த்ததும் பயந்துபோய், பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதுதான் உங்கள் கட்சி. சரிதானே?"

இதற்கு ஆமாம் என்று சொன்னால் போதும். தீர்ப்பு ரத்து, சண்முகையாவுக்கு வேலை போய்விடும், தோட்டமும் கிணறும் பழையபடி கைக்குள். எங்கள் வக்கீல் கண்ணாலேயே 'ஆமா சொல்லும்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மருதப்பன் சுவரோரம் திரும்பிப் பார்த்தார். சண்முகையா தலையைக் குனியாமல் நின்றார். அந்த மனுஷனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்து குமைந்தது வெளியே வந்துவிட்டது.

"பயமா? இவனுக்கா? இந்த வாசல்ல நின்னுக்கிட்டு மூணு தடவ கூப்பிட்டாம்லா. எங்க ஊரு ஆளுக அம்புட்டுப் பேரும் பாக்க. மொதத் தடவையாவது வாய்க்குள்ள முனங்குனான். மூணாந்தடவ தேரடி வரைக்கும் கேட்டுச்சு. வயல்ல நிக்க மாட்டக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டான்யா என்னைய."

மன்சூர் அலி, "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் கட்டைப் பிரித்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். மருதப்பனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது கூண்டைவிட்டு இறங்கியபிறகும் புரியவில்லை. "சரியாத்தான சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டார். சரியாகத்தான் சொன்னீர்கள் முதலாளி என்றேன். உண்மையிலேயே அந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மனு தள்ளுபடி. மெமோவையும் கைவிட்டார்கள். சங்கரம்மாள் கோர்ட் வாசலில் சண்முகையா முன்னால் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பழக்கத்தில் "நாச்சியாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க" என்றார். அவளும் அந்த மேலத்தெருக்காரிதானே. பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வேலை தப்பியது. அப்புறம் அவர் முன்பே சொன்ன மாதிரி ஊர் போயிற்று. யாரும் அடிக்கவில்லை, தீ வைக்கவில்லை. காலனியில் ஒருவரையும் களைவேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கிணற்றடியில் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை. சங்கரம்மாள் பாதிக் கிணறு வாங்கினாளே, அவள் பாதியிலிருந்தும் ஊற்றவில்லை. பெண்கள் இரண்டு மைல் நடந்து, ஓடையில் ஈரம் இருக்கிற இடத்தில் ஊற்றுத் தோண்டி எடுத்தார்கள். ஐப்பசியிலும் வேலை இல்லாமல் போனபோது, சண்முகையாவின் தாய்மாமன் மூக்காண்டி, காலனிக்குப் பெரிய ஆள், வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"நீ செஞ்சது தப்புன்னு ஒருத்தனும் சொல்லல மக்கா. ஒன் பேரச் சொல்லி எங்க பிள்ளைக மீசைய முறுக்குதுக. ஆனா நாப்பது வீட்ல அடுப்பு எரியல. நீ கவுருமெண்டு ஆளு, எங்கனயும் பொழச்சிக்கிருவ. நாங்க இந்தக் காட்டவிட்டா எங்க போவோம்?"

பெட்டியையும் பாத்திரத்தையும் சைக்கிளிலும் தலையிலுமாக வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் மேலத்தெரு வழியாக நடந்து வெளியேறியது. முத்துத்தாய்தான் இதைப் பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு அவர் செருப்பைக் கையில் எடுக்கவில்லையாம், காலில் போட்டுக்கொண்டே நடந்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். போகிறவன் எப்படிப் போனால் என்ன என்று விட்டிருப்பார்கள்.

சங்கரன்கோவில் டவுன்தான். கோர்ட் உண்டு, காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு, மேடைபோட்டு எல்லாரும் சமம் என்று பேசுகிறவர்கள் உண்டு. வீடு வாடகைக்கு என்று போர்டு தொங்குகிற வாசல்களில் சண்முகையா ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் பேச்சு போகும். என்ன வேலை என்பார்கள். கோர்ட்டில் டவாலி என்றதும் உட்காரச் சொல்வார்கள். சொந்த ஊர் எது என்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னதும், "அங்க நீங்க என்ன ஆளுக?" என்பார்கள். அப்புறம் வீட்டில் கல்யாணம் வருகிறது, வெள்ளையடிக்கவேண்டும், மகன் மெட்ராஸிலிருந்து வருகிறான். ஒருத்தரும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டவுன் ஆட்கள் நாசூக்கானவர்கள்.

கடைசியில் ஒரு மத்தியானம் என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையும் சின்ன அடுப்படியும் காலியாகக் கிடந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டு மூணு மாசத்துக்குப் போதும் அண்ணாச்சி. இங்க டவுனு காலனில மனை ஒண்ணு கேட்டிருக்கேன், வந்திரும்."

குழாய் பொது. அம்மா மடி ஆசாரம் பார்க்கிறவள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது? இத்தனையும் அரை நிமிஷத்தில் மனதில் ஓடியது. ஒன்றையும் சொல்லவில்லை.

"அடடே, நேத்துத்தான் ஆள் பேசி முடிச்சோம்ப்பா. மருந்துக்கடையில வேலை பாக்குற ஒருத்தரு. ஒண்ணாந்தேதி வாராரு."

"அப்படியா? சரி, சரி. வாரவுக வரட்டும்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சிரித்தார்.

பிறகு பீர் மைதீன் என்பவர் தம் வீட்டு மாடியை அவருக்குக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். மன்சூர் அலி சொல்லி ஏற்பாடு. அப்பாடா என்று இருந்தது. இருந்தது உண்மை, மறைக்கவில்லை. ஆறு வருஷம் அங்கேயே குடியிருந்தார். பிள்ளைகள் படித்தார்கள். கோர்ட்டில் பழையபடி எங்கள் கட்சிக்காரர்களையும் முன்கூட்டியே தேடிப்போய், எத்தனையாவது என்று சொல்லிவைத்தார். என்னையும் பழையபடி அண்ணாச்சி என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் மனுஷன் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

எண்பத்தாறில் பதவி உயர்வோடு தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பேரும் நின்றோம். எல்லாரும் அவருக்குச் சால்வை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அன்றைக்குத்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"சண்முகையா, அந்த ரூமு விஷயம்…"

"மருந்துக்கடைக்காரரு வரவே இல்லல்லா, அண்ணாச்சி" என்றார்.

அவர் சாதாரணமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நானும் தெனம் ஒங்க தெரு வழியாத்தான் வந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருவேள அவுக வராம, எங்களக் கூப்பிட மாட்டீகளான்னு. பூட்டு அப்படியே கெடந்துச்சு. பெறவு வெறகு அடுக்குனீக."

"எனக்கு அப்ப…"

"மருதப்ப சாமியாச்சும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாக." இதைச் சொல்லிவிட்டு ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி யோசித்தார். "பீர் மைதீன் வீடு கெடைக்கதுக்குள்ள பதினேழு நாளு. முத்துத்தாயும் பிள்ளைகளும் நானும் இந்தக் கோர்ட்டு வராந்தாவுலதான் கெடந்தோம். ஆரும் கண்டிரக் கூடாதுல்லா, ஜட்ஜையாவுக்குத் தெரிஞ்சா வேலைக்குக் கேடு. நீங்கள்லாம் பத்து மணிக்கு வாரதுக்குள்ள பாயச் சுருட்டி, ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால வச்சிட்டுப் பெருக்கிருவோம்."

அந்தப் பதினேழு நாளும் அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் நான் கட்சிக்காரர்களுக்கு மனு எழுதியிருக்கிறேன்.